பதினோரு ஏடும் ஒரு குதிரையும்

மகிழம்பாடி மன்னர் குலோத்தர பூபதிக்குத் தம் மூளைமேல் அபார மதிப்பு. நாணயங்களை ஒழித்துவிட்டு 'ஏட்டுப்பொன்' கொண்டுவந்தார். யாரிடமிருந்து யாருக்குப் பொன் போனது என்று பதினோரு கணக்கர்கள் தனித்தனியே ஓலையில் எழுதி, முந்தைய நாள் ஓலையோடு கோத்து வைப்பார்கள். ஏடுகள் முரண்பட்டால் அதிகம் பேர் எழுதியதே உண்மை.

"இதில் யாரும் யாரையும் நம்பவே வேண்டாம்!" என்று மன்னர் மார்தட்டினார். அவை ஆரவாரித்தது. விகடன் மருதவாணன் மட்டும் கொட்டாவி விட்டான்.

சுங்க அதிகாரி கோவர்த்தனனுக்கு ஏக மகிழ்ச்சி. பதினொன்றில் ஆறு பேரைக் கைக்குள் போட்டால் போதுமே!

ஒரு மாதம் கழித்து, குதிரை வியாபாரி காசிம் ராவுத்தர் அழாத குறையாக அவைக்கு வந்தார்.

"மகாராஜா, கோவர்த்தனன் நூறு பொன்னுக்கு என் குதிரையை வாங்கினாருங்க. பதினோரு ஏட்டிலும் ஏறிச்சு. நானும் குதிரையைக் கொடுத்துட்டேன். மூணாம் நாள் பார்த்தா, ஆறு ஏட்டில் அந்த ஓலையே இல்லை! அதே நூறு பொன் அவர் மச்சானுக்குப் போனதா வேற ஓலை கோத்திருக்கு. என் பிழைப்பே போச்சுங்க!"

"ஆறு ஏடு சொல்கிறது, பிரபு. இவருக்கு நான் பொன்னே கொடுக்கவில்லை. சட்டம் தங்களுடையது" என்றான் கோவர்த்தனன்.

மன்னர் கிரீடத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ராவுத்தரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க மருதவாணனுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"ஆறு பேர் சொன்னால் உண்மைதான். நீங்கள் பொன் கொடுக்கவில்லை. ஆகவே குதிரையை வாங்கவும் இல்லை. சரிதானே?"

"சரியேதான்!"

"அப்படியானால், ராவுத்தரின் குதிரை உங்கள் லாயத்துக்கு எப்படி வந்தது? பிரபு, குதிரைத் திருட்டுக்கு என்ன தண்டனை?"

"கழுமரம்!" என்றார் மன்னர்.

கோவர்த்தனன் மன்னர் காலில் விழுந்தான். "ஐயோ, பொன் கொடுத்துத்தான் வாங்கினேன்!"

"ஏடு அப்படிச் சொல்லவில்லையே?"

"இப்போதே மாற்றி எழுதச் சொல்கிறேன்! ஆறு பேரும் என் ஆட்கள்தான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனையும் ஆறு கணக்கர்களையும் காவலர்கள் சிறைக்கு இழுத்துப் போனார்கள். ராவுத்தர் தம் குதிரையை மீட்டுக்கொண்டு போனார். விஷயம் பரவியதும் கடைத்தெருவில் ஏட்டுப்பொன்னுக்கு ஒரு கத்தரிக்காய்கூடக் கிடைக்கவில்லை.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "பலே, மருதவாணா! பிடி, ஆயிரம் ஏட்டுப்பொன்!"

மருதவாணன் பதறிப்போய்க் கும்பிட்டான்.

"பிரபு, குற்றம் செய்தவன் அவன். தண்டனை எனக்கா?"