கழற்றாத தோணி

ஆண்டுக்கொருமுறை ஒரே ஒரு சீடரைக் கூட்டிக்கொண்டு, கனடாவின் வடக்கே சாலை எட்டாத ஏரிகளுக்குப் போவது யோகாம்பிகையின் வழக்கம். நீரில் இறங்கும் சிறிய விமானம் கொண்டுபோய் விடும். தோணியும் மூட்டையாகக் கூடவே வரும். அலுமினியக் குழாய்களைக் கோத்துத் தடித்த ரப்பர் துணிக்குள் செருகினால் அது தோணி. உருவி எடுத்தால் மறுபடி மூட்டை.

அந்த ஆண்டு போனவர் குகதாசன். குருவைவிட வயதில் மூத்தவர். ரொறன்ரோவில் தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். ஏரிக்கரையில் இறங்கியதுமே கேட்டுவிட்டார்.

"அம்மா, காலமை தியானத்திலை மனம் நல்லா நிக்குது. தம்பி ஒரு சொல்லுச் சொன்னால் போதும், எல்லாம் குலைஞ்சுபோகுது. குலையாத நிலை ஒண்டு வேணும். வழி சொல்லுங்கோ."

"முதல்லை தோணியைப் பூட்டுங்கோ," என்றார் யோகாம்பிகை.

குழாய்களைக் கோத்துப் பூட்டுவதற்குள் குகதாசனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கடைசிச் சட்டத்தைக் காலால் உதைத்து இறக்கியதும் துணி மத்தளம் போல விறைத்து நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"இடைக்கிடை கழட்டி, குழாயளிலை மணல் போகக் கழுவவேணும்," என்றார் குரு.

"நாளைக்கும் பூட்டத்தானே வேணும், அம்மா. இவ்வளவு வடிவாப் பொருந்தினதை ஏன் கழட்டுவான்?"

குரு வற்புறுத்தவில்லை. அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை. அதனால் சீடர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நாட்கள் போயின. தோணி நன்றாக ஓடியது. குகதாசனின் மனமும் அசையாமல் நின்றது. தம்பி இல்லாத இடத்தில் நிற்பதற்குக் கேட்கவா வேண்டும்!

பிறகு விமானம் திரும்பி வந்தது. இன்னும் வடக்கே, கடல்வரை போகும் ஓர் ஆற்றுக்கு அது அவர்களைக் கொண்டுபோகவேண்டும். குகதாசன் வந்ததே அந்த ஆற்றுக்காகத்தான். வேலையில் இருந்த காலத்திலேயே அதன் படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்திருந்தார்.

விமானி வானத்தைப் பார்த்தார். மழை வருகிறது, தோணி மூட்டையானால் ஆற்றுக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஆட்களை மட்டும் ஏற்றி ஊருக்குத் திருப்பிவிடுவேன் என்றார்.

குகதாசன் முதல் குழாயை இழுத்தார். வரவில்லை. திருகினார். மூட்டுகளுக்குள் பொடிமணல் இறுகிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றினார். கல்லால் அடித்தார். குழாய் வளைந்ததே தவிர அசையவில்லை.

"சனியன்!" என்று ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினார். கல்லைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார். விமானி பயந்து ஓர் அடி பின்வாங்கினார்.

தூறல் விழத் தொடங்கியது. யோகாம்பிகை தன் பையோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். குகதாசன் கரையை விட்டு நகரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஆறும் போச்சு. உங்கடை தோணியும் போச்சு. ஒரு பேச்சுக்கூட ஏசுறியளில்லை. நான் கேட்டதுக்குப் பதிலும் சொல்லேல்லை."

"குலையாதது ஒண்டு கேட்டனீங்கள்," என்றார் குரு. "உங்களுக்குப் பின்னாலை நிக்குது. அதோடை இருக்கப்போறியளோ, தம்பியிட்டை வரப்போறியளோ?"