நோயாளியைக் கேட்டால் டாக்டர், டாக்டரைக் கேட்டால் நோயாளி

“அம்மா, ஒரு நோயாளியைக் கேட்டா அது ஊரையே கூட்டிட்டு வருது” என்றான் நெல்லையப்பன்.

உலகம்மை ஏறிட்டுப் பார்த்தார். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு அவர்தான் குரு. மடம் என்றதும் தேவாரம், திருநீறு என்று போய்விடாதீர்கள். அங்கே இருந்தவர்கள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவார்கள். அதுதான் அவர்கள் பூசை.

நெல்லையப்பன் எழுதியது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. நோயாளி பகுதி அவனுடையது. டாக்டர் பகுதி அவன் சிநேகிதன் இசக்கிமுத்துவுடையது. ஒரு நோயாளியின் விவரத்தைக் கேட்டால் அது தன் டாக்டரையும் சேர்த்துக் கொண்டுவரும். டாக்டர் தன் நோயாளிகளை எல்லாம் கொண்டுவருவார். அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் மறுபடி டாக்டரைக் கொண்டுவருவார்கள். முடிவே கிடையாது. மெமரி நிரம்பி மெஷின் மூச்சுமுட்டிப் படுத்துவிடும்.

அன்று காலை படுத்தும்விட்டது, அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவில். மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து ஆகாது என்று பார்க்கப் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். திரை வரவே இல்லை. அவள் பிழைத்தது அவள் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரி ஆட்கள் முன்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதைச் செய்தவன் யார், அவன் இனி இந்த மடத்தில் இருக்கக் கூடாது, இல்லையென்றால் மொத்த வேலையையும் பிடுங்கிக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மடத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டவன் திரும்ப உள்ளே வர முடியாது. நெல்லையப்பனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இசக்கிமுத்துவுக்கும்தான் கிடையாது. அதை எல்லாம் அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்.

உலகம்மை இருவரையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“யார் செஞ்சது?”

நெல்லையப்பன் முந்திக்கொண்டான். “நோயாளிகளைக் கூட்டிட்டு வர்ற அந்த வரி டாக்டர் பகுதியில இருக்கும்மா. அவனைக் கேளுங்க.”

உலகம்மை முகத்தை இசக்கிமுத்து பக்கம் திருப்பினார். டாக்டருக்குள்ளே நோயாளிகளையும் வை என்று சொன்னது அவன், அவனைக் கேளுங்கள் என்றான் இசக்கிமுத்து.

உண்மைதான். டாக்டர் பெயரைத் தட்டியதும் அவருடைய நோயாளிகள் தெரிந்தால் தன் வேலை சுளுவாகும் என்று நெல்லையப்பன்தான் நச்சரித்தான். வேண்டாம்டே, சுத்த ஆரம்பிச்சிரும் என்று இசக்கிமுத்து தலைபாடாக அடித்துக்கொண்டான். சிநேகிதன் கேட்கிறானே என்று கடைசியில் எழுதிக் கொடுத்தான்.

உலகம்மையின் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. நான் சும்மா சொன்னேன், எழுதியது அவன்தானே என்றான் நெல்லையப்பன்.

அந்தப் பக்கம் திரும்பியது. இவன் சொல்லாமல் நான் எழுதுவேனா என்றான் இசக்கிமுத்து.

மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம்.

அவர் கோபப்படவும் இல்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. முன்கூடத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வைத்த காப்பி ஆறிப்போனது. ஒவ்வொரு தடவையும் நெல்லையப்பனுக்குச் சொல்ல ஏதோ ஒன்று அகப்பட்டது. வெட்கங்கெட்ட நாக்கு.

கடைசியில் ஒருமுறை அவர் முகம் திரும்பியபோது இசக்கிமுத்து அவனைக் கைகாட்டவில்லை.

“நான்தாம்மா. எங்கிட்டயே நிப்பாட்டிக்கிடுங்க.”

எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரியை மாற்றினான். இனி டாக்டரைக் கேட்டால் டாக்டரின் விவரம் மட்டும் வரும், நோயாளிகள் வரமாட்டார்கள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆட்கள் முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டிப் போனான். நெல்லையப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரை பட்டென்று வந்தது. நோயாளி, கீழே அவருடைய டாக்டர், அத்தோடு சரி. ஆஸ்பத்திரி ஆட்கள் நெல்லையப்பனை முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மத்தியானம் அவன் வயிறாரச் சாப்பிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் அந்தச் சோறு செமிக்கவில்லை. உலகம்மை முன்னால் போய் நின்றான்.

“அம்மா, அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் நச்சரிச்சு எழுத வச்சேன்.”

“தெரியும்.”

“நான் போயிடுதேன். அவனைக் கூப்பிடுங்க.”

“போனவன் வர முடியாதுடே.”

நெல்லையப்பனுக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் ஆத்திரமும் வந்தது.

“எல்லாம் தெரிஞ்சுமா அவனை அனுப்புனீங்க?”

உலகம்மை கழுத்தை நீவிக்கொண்டார்.

“ஒவ்வொரு தடவை உன் பக்கம் திரும்பும்போதும், இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னுதான் திரும்புனேன்.”