கரையை அள்ளச் சொன்ன தளவாய்

தளவாய் ரணமல்லர் படையோடு வந்து கூடாரம் அடித்தது ஏரிக்கரைக்குக் கீழே, பச்சைப்பசேலென்ற பள்ளத்தில். பெரிய படையை நடத்துகிறவருக்கு மேடு பள்ளம் தெரியவில்லை, பாருங்கள்!

காட்டைத் திருத்தி, அந்த ஏரியை வெட்டிக் குடியேறிய சனங்களை விரட்டத்தான் அந்தப் படை. சனங்கள் சமாதானம் பேச இருவரை அனுப்பினார்கள். ஒருவர் நாட்டாண்மை முத்திருளன். கூடப் போனவள் மண் சுமக்கும் சடைச்சி.

"சமாதானமா? பொழுது சாய்வதற்குள் காலி பண்ணுங்கள்! நீங்கள் கொண்டுவந்து போட்டதில் ஒரு கூடை மண்கூட இங்கே கிடக்கக் கூடாது!" என்று உறுமினார் தளவாய்.

"உத்தரவு சாமி" என்று கும்பிட்ட சடைச்சி, வெளியே வந்து கூவினாள்: "எல்லாரும் மண்வெட்டியை எடுங்க! கரையை அள்ளச் சொல்லிட்டாரு!"

நூறு பேர் மளமளவென்று கரைமேல் ஏறினார்கள்.

தளவாய் ஓடி வந்தார். "நிறுத்து! கரையை ஏன் வெட்டுகிறீர்கள்?"

"நாங்க கொண்டுவந்து போட்ட மண்ணு அது ஒண்ணுதான் சாமி. கூடை கூடையா இந்தத் தலையில சுமந்தது" என்றாள் சடைச்சி.

தளவாய் கரையை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பக்கம் ஏரி தளும்பியது. இந்தப் பக்கம் குதிரைகள், கூடாரங்கள், அவர்.

நிலம் குடிகளுக்கே என்று உடனே ஓலை எழுதி முத்திரை வைத்தார். வாங்கிக்கொண்ட சடைச்சி சொன்னாள்:

"எதுக்கும் கூடாரத்தை மேட்டுக்கு மாத்திக்குங்க சாமி. கரையில நண்டு வளை ஜாஸ்தி."