செவத்தாள் வைத்த விஷம்

பண்ணையார் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிற செவத்தாள், ஆசையாக வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தாள். கவ்விக்கொண்டு போனது பண்ணையாரின் வேட்டைநாய்தான். அதைப் போய்ச் சொன்னதும், ஊரார் முன்னால் பண்ணையார் சீறினார்.

“என் நாய் வேலியைத் தாண்டாது. கீரி தின்னிருக்கும். நாய்தான்னா சாட்சி கொண்டா!”

“கீரியாத்தான் இருக்கும்ங்கய்யா,” என்றாள் செவத்தாள் பணிவாக. “அதனாலதான், அது தின்னு மிச்சம் வச்ச கோழியில விஷத்தைத் தடவி, என் கொல்லையில போட்டுட்டு வந்திருக்கேன்.”

பண்ணையார் துள்ளி எழுந்தார். “ஓடுங்கடா! நாயைப் பிடிச்சுக் கட்டுங்கடா!”

“வேலி தாண்டாத நாயை எதுக்குங்கய்யா கட்டணும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பொழுது சாய்வதற்குள் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு, செவத்தாள் வீட்டுக்கு ஒரு கூடை கோழிகளை அனுப்பிவைத்தார் பண்ணையார். அவற்றுக்குக் குருணை இறைத்தபடி மனம் நிறைந்து சிரித்துக்கொண்டாள் அவள். விஷமாவது ஒன்றாவது! அவள் வீட்டில் எலிமருந்துகூடக் கிடையாது.