சொட்டு மருந்து கேட்ட கண்

ஓவியம் படித்த தில்லைக்கரசி, செயற்கைக் கண்ணுக்கு வர்ணம் தீட்டும் வேலை கேட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரிய டாக்டர் ஆராவமுதன் சிரித்தார்.

"சுவத்துல பூ வரையிற வேலை இல்லம்மா இது. நானே ஏமாறுற மாதிரி ஒரு கண்ணு செஞ்சு காட்டு, பார்க்கலாம்."

ஒரு மாதம் கழித்து, பட்டறை விபத்தில் இடது கண்ணை இழந்த மரியதாஸ் நோயாளிகளோடு வரிசையில் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"இடது கண்ணு சிவந்திருக்கே, சரியா தூங்குறதில்லையா?" என்று சொட்டு மருந்து எழுதினார்.

"அந்தச் சிவப்பு நான் தீட்டினது சார்," என்றாள் பின்னால் நின்ற தில்லைக்கரசி.

மரியதாஸ் கண்ணைக் கழற்றி டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். அதில் மயிரிழையாய் ஓடிய நரம்புகளை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் எழுந்து நின்று கேட்டார்: "நாளைக்கே வேலைக்கு வர்றீங்களா?"