மூன்று தேவிகளும் காயம்பட்ட அரசனும்

கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்கு மேலே யமுனாவின் அறை இருந்தது. அங்கே அவள் சீட்டு பார்த்துப் பலன் சொன்னாள். நம் ஊர்ச் சீட்டு அல்ல. கடலுக்கு அப்பால், மழை ஓயாத ஒரு தீவின் பழைய தேவிகளையும், ஆர்தர் என்ற அரசனின் காலத்து மனிதர்களையும் வரைந்திருந்த சீட்டுகள்.

விசாலம் அவளிடம் சீட்டு பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். சிஷ்யைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குரு அவளைவிட ரொம்ப இளையவள். சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை விசாலம் படிப்பதில்லை. முகத்தைப் பார்த்தே தேவியின் பெயரைச் சொல்லிவிடுவாள்.

அன்று காலை அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். பழகுவதற்காக யமுனா கொடுத்திருந்த சீட்டுக்கட்டு அவள் பையில் இருந்தது. அதிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து மேஜையில் போட்டாள்.

"மேடம், இதுங்க மூணும் ஆளுக்கொண்ணு சொல்லுதுங்க. எனக்குத் தலை சுத்துது."

"உட்காருங்க விசாலம்மா."

"உட்கார நேரமில்ல. நாளைக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டுல வர்றாங்க, சுகந்தியைக் கூட்டிட்டுப் போக. அனுப்பறதா வேணாமான்னு நான் சொல்லியாகணும்."

சுகந்தி விசாலத்தின் ஒரே மகள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை.

விசாலம் முதல் சீட்டைத் தொட்டாள். "இவ பிரிஜித். அடுப்பு நெருப்பைக் காக்கிறவ. சரி, குடித்தனம் பண்ணப் போன்னு சொல்றான்னு சுகந்தி துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வெச்சேன். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. எந்த அடுப்பு மேடம்? அவங்க வீட்டு அடுப்பா, எங்க வீட்டு அடுப்பா? மறுபடியும் எடுத்தேன். இந்தக் காக்கா வந்துச்சு."

"மோரிகன்."

"அவளேதான். காக்கா உருவத்துல போர்க்களத்துக்கு வர்றவ. இவ வந்தா சண்டைன்னு நீங்கதானே சொன்னீங்க? துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில வெச்சுட்டேன். மனசு கேட்கல. இன்னிக்குக் காலையில இன்னொண்ணு எடுத்தேன். ரியானன்."

"சரி."

"என்ன சரி? செய்யாத தப்புக்குக் கோட்டை வாசல்ல உட்கார்ந்து தண்டனை அனுபவிச்சவ. பொறுத்துக்கிட்டா, கடைசியில நல்லது நடந்துச்சு. அப்போ, பொறுத்துப் போன்னு சொல்றாளா? இல்ல, போனா உன் பொண்ணையும் இப்படி வாசல்ல உட்கார வெச்சுடுவாங்கன்னு சொல்றாளா?"

"துணி இப்போ எங்க இருக்கு?"

"கட்டில் மேல."

யமுனா சிரிக்கவில்லை. சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"சீட்டை யார் கலைச்சது?"

"நான்தான்."

"கேள்வி யாரோடது?"

"என்னோ..." விசாலம் நிறுத்தினாள். "அவளோடதுதான். ஆனா பெத்தவ கைதானே மேடம்? அவ கையும் என் கையும் வேறயா?"

கேள்வி யாருடையதோ அவர்தான் சீட்டைக் கலைக்க வேண்டும். விசாலம் இங்கே முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். பலன் கேட்க வருகிறவர்களிடம் அதை அவளே கறாராகச் சொல்வாள். "நீங்க கலைங்க. உங்க விஷயம், நான் தொட மாட்டேன்" என்பாள்.

"சரி, என் கைதான் தப்பு" என்றாள். "நீங்க ஒரே ஒரு சீட்டு எடுங்க மேடம். உங்க கைக்கு உண்மை வரும்."

யமுனா தன்னுடைய கட்டை எடுத்தாள். கலைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடி, ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். ஒரு அரசன் கட்டிலில் சாய்ந்திருந்தான். தொடையில் கட்டுப் போட்டிருந்தது.

"தேடி எடுத்தா அது பலனாகுமா?"

"இது பலன் இல்ல, கதை. இந்த அரசனுக்குத் தொடையில ஆறாத காயம். அதனால அவன் நாட்டுல பயிர் முளைக்கல, ஆறு வத்திப்போச்சு. ஆர்தரோட சபையில சேர்ந்த ஒரு சின்ன வயசு வீரன் ஒரு நாள் வழிதவறி அந்தக் கோட்டைக்கு வந்தான். விருந்து வெச்சாங்க. அவன் சாப்பிடும்போது ஒருத்தன் ஈட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கமா போனான். ஈட்டி நுனியில ரத்தம் சொட்டுது. பின்னாடியே ஒரு பொண்ணு ஒரு பாத்திரத்தை ஏந்திட்டுப் போறா. அந்தப் பாத்திரம் விளக்கு மாதிரி எரியுது. எதிர்ல அரசன் வலியில முனகறான்."

"இவன் என்ன பண்ணினான்?"

"சாப்பிட்டான்."

"அடப்பாவி!"

"கேட்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பெரிய இடத்துல அதிகம் கேள்வி கேட்காதேன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க."

"அப்போ நல்லா வளர்ந்த பிள்ளைதான்."

"விடிஞ்சு பார்த்தா கோட்டையில ஒரு ஆள் இல்ல. அவன் வெளியே வந்ததும் கதவு மூடிக்கிச்சு."

"அவன் கேட்டிருந்தா?"

"அப்பவே காயம் ஆறியிருக்கும்."

"மருந்து போடாமலா?"

"கேட்டிருந்தா போதும்."

விசாலம் அந்தச் சீட்டை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"புரிஞ்சுடுச்சு மேடம். நான் இப்பவே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, என்ன நடந்துச்சுன்னு கேட்கணும்."

இல்லை என்பதுபோல் யமுனா தலையசைத்தாள்.

"மாப்பிள்ளைகிட்டயா?"

யமுனா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். பனிமூட்டம் உள்ளே வந்தது. கீழே, மாடிப்படியின் கடைசிப் படியில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களை யார் கூட்டிட்டு வந்தது?"

"சுகந்திதான், ஸ்கூட்டியில. எனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"இந்தக் குளிர்ல ஏன் கீழயே உட்கார்ந்திருக்கா?"

"அவளைப் பத்திப் பேசறப்போ அவ எப்படி..." விசாலம் புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். "கேட்கலாம்னு எத்தனையோ தடவை போனேன் மேடம். அவ முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வந்துடுவேன். கேட்டு, அவ ஏதாவது சொல்லிட்டா?"

யமுனா ஜன்னலை மூடினாள். விசாலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "முடிஞ்சுதாம்மா?"

"இல்ல. நீ சொல்லு. நாளைக்கு நீ போறியா, இல்லையா?"

"கார்டு என்ன சொல்லுச்சு?"

"அதுதான் குழப்புதே."

"ஓகோ. சாமியெல்லாம் கைவிட்ட பிறகுதான் என் ஞாபகம் வந்துச்சா?"

"வாயைப் பாரு! கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்மா. கல்யாணத்தப்பவும் அப்படித்தானே செஞ்சேன்?"

விசாலம் மறுபடியும் மேலே ஏறினாள்.

"கேட்டேன் மேடம். திருப்பி என்னையே கேட்கிறா. நான் சொல்றதைச் செய்வாளாம். எதுவும் ஆறல, இன்னும் எரியுது. உங்க வீரன் கதையில ஏதோ தப்பு இருக்கு."

"என்னன்னு கேட்டீங்க?"

"போறியா இல்லையான்னு."

"அந்த வீரன் வருஷக்கணக்கா அலைஞ்சான்" என்றாள் யமுனா. "கடைசியில எப்படியோ அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தான். நேரா அரசன்கிட்ட போனான். எப்ப எழுந்து நடக்கப்போறீங்கன்னு கேட்கல."

"வேற என்ன கேட்டான்?"

"உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதை நாம காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்ககிட்ட கேட்போமே மேடம். இதுக்கா ஒரு கதை?"

யமுனா ஃப்ளாஸ்க்கைத் திறந்து, டீ இருக்கிறதா என்று பார்த்தாள். விசாலம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் இறங்கினாள்.

இந்தத் தடவை மகளின் பக்கத்தில், அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள். பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தது.

"சுகந்தி, உனக்கு என்னம்மா பண்ணுது?"

சுகந்தி ஹெல்மெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் அடிச்சதில்லம்மா. திட்டினதும் இல்ல. ஆனா வாசல்ல அவர் பைக் சத்தம் கேட்டா நான் எழுந்து நின்னுடறேன். கையில எது இருந்தாலும் கீழ வெச்சுட்டு நின்னுடறேன். ஒரு நாள் பால் பொங்கிப் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. நான் நின்னுட்டேதான் இருந்தேன். ஏன்னு தெரியல."

விசாலத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நேற்றுகூடத் தெருவில் ஒரு வண்டி போனபோது இவள் எழுந்து நின்றாள். புருஷனைத் தேடுகிறாள் என்று நினைத்து விசாலம் சந்தோஷப்பட்டிருந்தாள். சீட்டு எடுக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"அப்போ... போக வேணாமா?"

"தெரியலம்மா. நல்லவர்னும் தோணுது. போகணும்னு நினைச்சா பயமாவும் இருக்கு. ரெண்டும்தான் இருக்கு. எனக்கு நிஜமாவே தெரியல."

விசாலம் மகளின் கையை எடுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். அது ஐஸ் மாதிரி இருந்தது. "மேல வா" என்றாள். "இங்கயே உட்கார்ந்தா எனக்கு முட்டி பிடிச்சுக்கும்."

இருவரும் மேலே வந்தார்கள். யமுனா மேஜையில் டீ ஊற்றி வைத்திருந்தாள்.

"கேட்டேன் மேடம்" என்றாள் விசாலம். "அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்னுடறாளாம். போறதா வேணாமான்னு அவளுக்கும் தெரியலையாம். காலையில எனக்கு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு. இப்போ ரெண்டு பேருக்கும் தெரியல. வந்ததைவிட மோசமால்ல இருக்கு?"

சுகந்தி சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து விசாலம் பார்த்ததில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"சிரிக்காதடி. நாளைக்கு அவங்க வந்து, முடிவு என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது? மேடம், கேள்விக்காரியே வந்துட்டா. கடைசியா ஒரு தடவை அவ கையால கலைக்கட்டும்."

யமுனா சீட்டுக்கட்டை சுகந்தியின் பக்கம் நகர்த்தினாள். சுகந்தி அதைப் பார்த்தாள். பிறகு டீ டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

விசாலம் சீட்டுக்கட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள்.

"அப்போ நான் என்னதான் சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க."

"சொன்னா சிரிக்க மாட்டாங்களா? பெத்தவளுக்கே தெரியலையான்னு கேட்க மாட்டாங்களா?"

"நீங்க மட்டும் சொன்னா கேட்பாங்க" என்றாள் யமுனா. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்து சொல்லுங்க. உட்கார்ந்துகிட்டே சொல்லுங்க."