பிரேக் சூடாகட்டுமுங்க

கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி, பேர் தெய்வசிகாமணி. ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டுவார். அதற்கென்று ரேஸ் பிரேக் பேட் மாட்டினார். சூடேறினால்தான் அது பிடிக்கும். ட்ராக்கில் ராஜா, ரோட்டில் சனியன். ஆனால் டவுனுக்குள்ளும் அதோடுதான் போகணும் என்றார்.

"டவுனுக்குப் பழைய பேடே போதுமுங்க. ஆறியிருந்தா இது பிடிக்கறதில்லீங்க" என்றான் டிரைவர் மாரப்பன்.

"சூடு பண்ணி ஓட்டத் தெரியோணும்டா! கார்ல ஒரு கீறல் விழுந்துச்சு, உனக்கு வேலை கிடையாது."

"சூடு பண்ணிக்கறேனுங்க."

மறுநாள் மச்சினன் வீட்டில் நிச்சயதார்த்தம். மில் வாசலில் முதலாளி பட்டு வேட்டியோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். மாரப்பன் காரோடு மில்லையே சுற்றினான். வேகம், பிரேக், கிறீச். மறுபடி வேகம், பிரேக், கிறீச். வேலையாட்களெல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னடா பண்றே?"

"சூடு பண்றேனுங்க."

ஒருவழியாகக் கிளம்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போனது. கேட் திறந்ததும் மாரப்பன் வந்த வழியே காரைத் திருப்பினான்.

"எங்கடா போறே? நேரமாச்சு!"

"ஆறிப்போச்சுங்க. மறுபடியும் மில்லைச் சுத்தோணும்."

முதலாளி பல்லைக் கடித்தார். "நிறுத்துடா! பழைய பேடையே மாட்டித் தொலை. இது ட்ராக்குக்கு மட்டும் போதும்."

"பழசு டிக்கியிலயே இருக்குதுங்க. மாட்ட ஒரு மணி நேரமாகுமுங்க."

முதலாளி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். மாரப்பன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"கீறல் ஒண்ணுமில்லீங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டுமுங்க?"